‘கூப்பிட்டா தெரியல’ என்றொரு புகார்

போன மாதம் என் மிக்ஸியில் கருகல் வாடை வந்தது. கம்பெனி ஆப்பைத் திறந்து புகார் போடப் போனேன். எட்டுக் கட்டம் காட்டி, இதில் ஒன்றைத் தொடு என்றது. ஓடவில்லை, சத்தம் அதிகம், ஜார் ஒழுகுகிறது, பிளேடு உடைந்தது என்று வரிசையாக இருந்ததே தவிர, வாடைக்குக் கட்டம் இல்லை. ‘மற்றவை’ என்பதைத் தொட்டேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும் என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நானே கழற்றி, மோட்டாரில் தேய்ந்துபோன கார்பன் கட்டையை மாற்றிப் போட்டேன். அப்படியும் எரிச்சல் தீராமல் எங்கள் பழைய சர்வீஸ் சென்டர்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நாலு வரி திட்டி எழுதினேன்.

அதைப் பார்த்துவிட்டு நித்யா எழுதினாள். நான் வேலையை விடும்போது என் மேஜைக்கு வந்தவள் அவள், இப்போது சென்னையில் இருக்கிறாள். “உங்க காலத்துல கட்டமே இருக்காதாக்கா? புகாரை எப்படி எழுதுவீங்க?” என்றாள். கட்டம் இருக்காது. கஸ்டமர் வாயில் என்ன வந்ததோ அதை அப்படியே எழுத வேண்டும், அதுதான் எங்களுக்குச் சட்டம். ஆனால் எழுதியதை நான் ஒழுங்காகப் படித்தேனா என்பது வேறு விஷயம். அந்த வண்டவாளத்தை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. கண் சரியில்லாமல் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தாயிற்று, இனிமேல் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள். எழுதிவிடுகிறேன்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரி. வீட்டில் இரண்டு தறி ஓடியது. எனக்கு நெய்ய வராது என்று சொல்ல மாட்டேன், பிடிக்கவில்லை. பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் ரேடியோ டி.வி. மெக்கானிக் பிரிவில் சேர்ந்தேன். அப்பா மூன்று நாள் பேசவில்லை, நாலாவது நாள் பஸ் பாஸ் எடுத்துக் கொடுத்தார். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அதற்குப் பிறகு தொண்ணூறுகள் முழுக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டி.வி. கடையில் வேலை. மொட்டைமாடி ஆன்டெனா போய் கேபிள் வந்தது, ரிமோட் வந்தது, ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை வந்தது. பேஜர் என்று ஒன்று வந்து, வாங்கினவர்களின் பெருமை அடங்குவதற்குள் போயும் போனது. எல்லாவற்றையும் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஷாக் அடித்த கதை, கை சுட்ட கதையெல்லாம் எல்லா மெக்கானிக்குக்கும் ஒன்றுதான், அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆளாளுக்குக் கையில் செல்போன் வந்ததும், ஒரு கம்பெனி எங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் திறந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். அங்கே போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் ராகவன் சார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், நெற்றியில் நாமம், வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஒரே ஒரு பேனா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தித் திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அவர் வழக்கம் இதுதான். தினம் காலையில் கடை திறந்ததும் முந்தின நாள் வந்த ஜாப் ஷீட்டுகளை நின்றுகொண்டே ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார். கவுன்டரில் இருந்த சுகந்தி ஒருநாள் ‘டிஸ்பிளே ஃபால்ட்’ என்று எழுதியிருந்தாள். வாசிப்பதை நிறுத்தி, ஷீட்டின்மேல் பேனாவைப் படுக்க வைத்தார்.

“யார் சொன்னது இது?”

“கஸ்டமர்தான் சார்.”

“டிஸ்பிளே ஃபால்ட்னு சொன்னாரா? வாழைக்காய் மண்டிக்காரர், அந்த வார்த்தையையா சொன்னார்?”

“இல்ல சார். வெயில்ல போனா நம்பர் தெரியல, நிழல்ல தெரியுதுன்னாரு.”

“அதை எழுதுங்கோ. நீங்க எழுதினதைப் பார்த்தா கஸ்தூரி புது டிஸ்பிளே போட்டுடுவா. அவர் சொன்னதைப் பார்த்தா முதல்ல கான்ட்ராஸ்ட் எவ்வளவு இருக்குன்னு பார்ப்பா.”

அவர் சொன்ன கஸ்தூரி நான்தான், சொன்னதும் சரிதான். அந்தப் போனுக்கு ஒரு ரூபாய்க்குக்கூடப் பார்ட்டு போடவில்லை, செட்டிங்கில் இரண்டு பொத்தானை அழுத்தினேன், சரியாகிவிட்டது.

ஷீட்டில் மூன்று பகுதி. மேலே கஸ்டமர் சொன்னது, நடுவில் நாங்கள் கண்டதும் செய்ததும், கீழே கஸ்டமர் கையெழுத்து. கையெழுத்து விழாமல் எந்த வேலையும் முடிந்த வேலை ஆகாது. சிம் கார்டை அவர்கள் கண்ணெதிரிலேயே எடுத்து சின்னக் கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். போனின் வெளியே இருக்கும் கீறலையெல்லாம் எண்ணி எழுத வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் போர்டைக் கெடுக்காதபடி மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டாமல் போனைத் திறக்கக் கூடாது. திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை என்று கம்பெனிப் பட்டியலில் ஒன்று இருந்தது. போனில் ஒட்டியிருக்கும் அயல் பொருளை அகற்ற வேண்டும்.

அந்த ஒரு வேலையை நான் ஆசை ஆசையாகச் செய்வேன், ஒப்புக்கொள்கிறேன். அந்த நாளில் ஜனங்கள் போனை அலங்கரித்த அலங்காரம் கொஞ்சமில்லை. நடிகர் படம், மணி மாலை, கதிர்வீச்சைத் தடுக்கும் என்று சொல்லி விற்ற தங்கக் கலர் தகடு, அப்புறம் அந்த மினுக்கு ஸ்டிக்கர். இப்போது உள்ளவர்களுக்கு அது தெரியாது. போனின் முதுகில் ஒட்டுவார்கள். பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. கால் வந்தால் போனிலிருந்து கிளம்பும் சிக்னலையே வாங்கிக்கொண்டு குட்டிக் குட்டி லைட்டுகள் மினுக்கும். பஸ் ஸ்டாண்டு வாசலில் பத்து ரூபாய்க்கு இரண்டு. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் பிய்த்துக் குப்பைக்கூடையில் போடுவேன். சாமி ஸ்டிக்கரை மட்டும் தொட மாட்டேன், பயம்.

எங்கள் ஊருக்கென்றே ஒரு ரிப்பேர் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். போன் தானாகவே நம்பர் அழுத்திக்கொள்ளும். ஐந்தாம் நம்பர் ஓயாமல் விழும், அல்லது நடுராத்திரியில் யாருக்கோ கால் போகும். கம்பெனி புத்தகத்தில் கீபேடு போர்டை மாற்று என்று போட்டிருந்தது. மாற்றினால் இரண்டு மாதத்தில் அதே போன் திரும்பி வரும். ஒருநாள் லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு பொன்னிற முடி கிடந்தது. ஜரிகைத் துணுக்கு. தறியில் இருக்கும்போது போனை மடியில் வைத்துக்கொள்கிறார்கள், ஜரிகையை அறுத்துவிடும்போது தூள் உள்ளே போகிறது. ஜரிகைக்குள் இருப்பது வெள்ளியாச்சே, கரண்ட் கடத்தாமல் என்ன செய்யும். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் நம்பவில்லை. லென்ஸில் காட்டினேன். “இது எங்க புக்குல இல்லையேம்மா” என்றார். “உங்க புக்கு காஞ்சிபுரத்துல எழுதலையே சார்” என்றேன். ராகவன் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு போர்டை மாற்றாமல் பிரஷ்ஷால் தட்டி, ஸ்பிரிட்டில் கழுவி, பட்டனுக்கு அடியில் மெல்லிசு பிளாஸ்டிக் தாள் ஒன்று வெட்டிப் போட ஆரம்பித்தேன். போன் திரும்பி வருவது நின்றது. எனக்குத் தலையில் கனம் ஏறியது.

அந்தக் கனத்தோடு இருந்த நாளில்தான் அமுதா வந்தாள். இருபத்தெட்டு முப்பது வயது இருக்கும். பட்டு நெய்கிறவள். பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் வராது. காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்திருந்ததால் தமிழ் நன்றாக எழுதுவாள். கையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தாள். அவள் போனை நீட்டியதும் சுகந்தி என்னைப் பார்த்தாள், நான் சுகந்தியைப் பார்த்தேன். காது கேட்காதவளுக்குப் போன் எதற்கு என்று இரண்டு பேரும் நினைத்தோம். நினைத்ததை மறைத்துப் பிரயோஜனமில்லை.

அன்றைக்கு அவள் எழுதிய புகார், ‘எட்டு தானாக விழுகிறது’. நான் திறக்காமலே ஜரிகை என்று சொன்னேன், திறந்தால் ஜரிகைதான். போனின் முதுகில் மினுக்கு ஸ்டிக்கர் ஒன்று, பழசு, ஓரமெல்லாம் அழுக்கேறி இருந்தது. பிய்த்துப் போட்டேன். கழுவி, தாள் போட்டு, ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட்டேன். அவள் போனைத் திருப்பிப் பார்க்காமல் நோட்டோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாளே வந்துவிட்டாள். நோட்டில் எழுதிக் காட்டினாள். ‘கூப்பிட்டா தெரியல.’ சுகந்தி அதை அப்படியே ஷீட்டில் எழுதினாள். நான் என் போனிலிருந்து அவள் நம்பருக்கு அடித்தேன். ரிங் அடித்தது. வைப்ரேஷன் வந்தது, மேஜையே அதிர்ந்தது. போனை அவள் உள்ளங்கையில் வைத்து மறுபடி அடித்தேன். அதிருதா என்று சைகையில் கேட்டேன். அதிருது என்று தலையாட்டினாள், ஆனால் முகம் தெளியவில்லை. போனைத் திருப்பி, முதுகைக் காட்டி, விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். பார்த்தேன். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தது. அடடா, இதற்கா இந்தப் பாடு என்று பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, பசையைச் சுத்தமாகத் துடைத்து, பளபளவென்று ஆக்கி, சிரித்துக்கொண்டே கொடுத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவள் நோட்டில் இன்னும் ஏதோ எழுதப் போனாள். பின்னால் ஆறு பேர் நின்றார்கள். நான் கையைக் காட்டி அடுத்தவரைக் கூப்பிட்டேன். ஷீட்டின் நடுவில் ‘பழுது இல்லை’ என்று எழுதினேன். அவள் கையெழுத்துப் போடாமல் போய்விட்டாள். நான் கவனிக்கவில்லை.

எட்டு நாள் கழித்து மறுபடி வந்தாள். இந்தத் தடவை வரிசையில் நிற்கவில்லை. நேராக ராகவன் சார் மேஜைக்குப் போய், போனை வைத்து, பக்கத்தில் அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை வைத்து, நோட்டைத் திறந்து வைத்தாள். வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள், ஒரு பக்கம் முழுக்க. சார் எழுந்து நின்று அதை மெதுவாக, சத்தமாக வாசித்தார். எல்லோரும் கேட்டோம்.

அவளுக்கு ஒரே பெண், காவ்யா, ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வீசிங் உண்டு. திடீரென்று மூச்சு இழுக்க ஆரம்பித்தால் அரைமணிக்குள் நெபுலைசர் வைக்க வேண்டும். புருஷன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபேக்டரியில் வேலை, உள்ளே போன் கொண்டுபோக விட மாட்டார்கள். அதனால் பள்ளிக்கூடத்து டீச்சரோடு அவள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். குழந்தைக்கு இழுத்தால் டீச்சர் மிஸ்டு கால் கொடுப்பார். பேசத் தேவையில்லை, அந்த நம்பரிலிருந்து அடித்தாலே ஓடி வா என்று அர்த்தம். இரண்டு வருஷமாக ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. முந்தின நாள் டீச்சர் ஐந்து தடவை அடித்திருக்கிறார். அமுதா தறியில்தான் இருந்தாள், போன் அவள் எதிரில்தான் இருந்தது. தெரியவில்லை. டீச்சர் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, குழந்தைக்கு உதடு நீலம் பாய்ந்ததும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். நாலு மணிக்குப் பெண்ணை அழைத்துவரப் பள்ளிக்கூடம் போனபோதுதான் அமுதாவுக்கு விஷயமே தெரிந்தது. கடைசி வரி இது: ‘குழந்தை பிழைத்துக்கொண்டது. போனைச் சரியாகக் கொடுங்கள்.’

சார் என் பழைய ஷீட்டை எடுத்து வரச் சொன்னார்.

“கஸ்தூரி, வாசிங்கோ.”

“கூப்பிட்டா தெரியல. பழுது இல்லை.”

“கூப்பிட்டுப் பார்த்தேளா?”

“பார்த்தேன் சார். ரிங் வந்துச்சு, வைப்ரேஷன் வந்துச்சு.”

“போனுக்கு வந்துது. அவாளுக்குத் தெரிஞ்சுதா?”

பேனாவை ஷீட்டின்மேல் படுக்க வைத்தார். அழுகை முட்டியது, ஆனால் அந்த அம்மா எதிரில் நான் அழுதால் அது அசிங்கம். எர்த் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, “இவங்க வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வரேன் சார்” என்றேன். கம்பெனியில் அதற்கு வழி கிடையாது. “போயிட்டு வாங்கோ” என்றார்.

அமுதாவின் வீடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. நான் பிறந்து வளர்ந்த இடத்தில், எனக்குத் தெரியாமல் ஒருத்தி இப்படி இருந்திருக்கிறாள். உள்ளே நுழைந்ததும் தறி. அரக்குச் சிவப்பில் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஏறியிருந்தது. தறிக்கு மேலே குறுக்கே போன கட்டையிலிருந்து, கயிற்றில் ஒரு துணிப்பை தொங்கியது, உட்கார்ந்து நெய்கிறவர் கண்ணுக்கு நேராக. அவள் போனை அந்தப் பைக்குள் முதுகு வெளியே தெரியும்படி செருகினாள். பைக்கு நடுவில் ரூபாய் நாணயம் அளவு ஓட்டை வெட்டித் தைத்திருந்தாள். அப்புறம் தன் ஐந்து விரலையும் குவித்து, அந்த ஓட்டைக்கு நேராக வைத்து, விரித்தாள், குவித்தாள், விரித்தாள். என்னைப் பார்த்தாள்.

நான் பிய்த்துப் போட்டது அவளுடைய காது.

அப்படியும் என் மெக்கானிக் புத்தி விடவில்லை. வைப்ரேஷன் இருக்கிறதே, மடியில் வைத்துக்கொண்டால் தெரியாதா? சைகையில் கேட்டேன். அவள் தறிக்கு முன்னால் போய், உட்காரு என்று பலகையைக் காட்டினாள். இருபது வருஷம் கழித்துத் தறிக்குழிக்குள் காலை விட்டேன். ரிங் சத்தத்தை அணைத்து, போனை என் இடுப்பில் செருகிவிட்டு, என் போனை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். நான் மிதித்து, ஊடை நூல் ஓடும் நாடாவை எறிந்து, இழையை நெருக்கும் அச்சை இழுத்து அடித்தேன். பழக்கம் விட்டுப்போன கை, இருந்தாலும் பத்து இழை ஓடியது. அவள் திரும்பி வந்து இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு தடவை அடித்திருக்கிறாள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. காலில் மிதிக்கட்டை, கையில் அச்சு, உடம்பு முழுக்கத் தறி குலுக்கும்போது அந்த இத்துனூண்டு மோட்டாரின் அதிர்வு எங்கே தெரியும். தறிக்காரர் வீட்டுப் பெண் நான், எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மேஜையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பழுது இல்லை என்று எழுதியிருக்கிறேன். போனின் ஸ்கிரீன் வெளிச்சம் மட்டும் என்ன, ஜன்னல் வெயிலில் அந்த மங்கல் பச்சை கண்ணுக்கே படாது.

அவள் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த ஒரே வழி அந்தப் பத்து ரூபாய் ஸ்டிக்கர். மெக்கானிக் வேலையை நான் செய்யவில்லை, அவள் செய்திருந்தாள்.

நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். போன் உறை விற்கிறவர் சிரித்தார். “அதெல்லாம் இப்ப யாரும்மா வாங்குறாங்க. பாட்டு ரிங்டோன் வந்துக்கினு இருக்குது, அவனவன் அதுக்கு அலையுறான்.” தேடி ஒன்று எடுத்துக் கொடுத்தார். வெயிலில் கிடந்து செத்துப்போனது. ஊரில் இருந்த அத்தனை கடையும் ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை. சரி, நானே செய்கிறேன் என்று முடிவு செய்தேன். செய்யாமல் விடுவதில்லை என்று வைராக்கியம் வந்துவிட்டது. அதுவரை காவ்யாவின் பள்ளிக்கூட நேரம் முழுக்க அமுதா தறியில் உட்காரவில்லை, பள்ளிக்கூட வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் தறி நின்ற ஒவ்வொரு நாளும் என் கணக்கில்தான் விழுகிறது என்று எனக்குத் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை அதற்கு ஒதுக்கினேன். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. மெல்லிய செம்புக் கம்பியில் ஒரு வளையம், சிக்னலைப் பிடிக்க. டி.வி. கடை நாளிலிருந்து என்னிடம் இருந்த சின்ன டயோடு இரண்டு, பிடித்த சிக்னலை லைட்டுக்கான கரண்டாகத் திருப்பிவிட. ஒரு சிவப்பு லைட். வளையத்தின் நீளம் சரியாக அமைய வேண்டும், நூலளவு கூடினாலும் குறைந்தாலும் எரியாது. முதல் நாள் எரியவில்லை. இரண்டாம் நாள் எரியவில்லை. மூன்றாம் நாள் கம்பியை நறுக்கி நறுக்கி, கையெல்லாம் கீறல். நாலாம் நாள் எரிந்தது. சுகந்தி கை தட்டினாள். எனக்குப் பசியே தெரியவில்லை.

அமுதாவின் போனைப் பையோடு வாங்கி வந்து, போனின் முதுகில் ஒட்டப் போகும்போது ராகவன் சார் வந்து நின்றார்.

“அயல் பொருளை நாமே ஒட்டினா எப்படி? கம்பெனி ஆடிட்ல பார்த்தா என்ன சொல்றது?”

“ஒட்டாம என்ன சார் பண்றது?”

போன் இருந்த துணிப்பையைத் தொட்டுப் பார்த்தார். “போன்ல ஒட்டாதேள். பையில தைச்சுடுங்கோ. பை நம்ம கம்பெனியோடது இல்லையே.”

பையில் தைத்து எடுத்துக்கொண்டு போனேன். தொங்கவிட்டு, வெளியே போய் அடித்தேன். திரும்பி வந்தால் அமுதா உதட்டைப் பிதுக்கினாள். நோட்டில் எழுதினாள். ‘பாவு சிவப்பு. ஜரிகை மின்னுது. சிவப்பு லைட் தனியாகத் தெரியல.’ பலகையில் உட்கார்ந்து பார்த்தேன், அவள் சொன்னது சரி. மறுநாள் பச்சை லைட் போட்டேன். அதற்கும் நீளம் மாறியது, மறுபடி நறுக்கல். கொண்டுபோனேன். எரிந்தது, பளிச்சென்று தெரிந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் எழுதினாள். ‘அடுத்த பாவு பச்சை.’

எனக்கு வந்த கோபத்தில் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் சிரித்துப் பார்த்தேன். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, இரண்டு வளையம் இரண்டு லைட் என்று புதிதாகச் செய்து, இரண்டும் பக்கம் பக்கமாகத் தெரியும்படி தைத்தோம். தையல் அவள் போட்டது, என் தையலைப் பார்த்து முகம் சுளித்துப் பிரித்துவிட்டாள். பத்து தடவை வெளியே போய் அடித்தேன். பத்து தடவையும் நெய்துகொண்டே கையைத் தூக்கிக் காட்டினாள்.

சரி, முடிந்தது என்று ஷீட்டையும் பேனாவையும் நீட்டினேன். அமுதா வாங்கவில்லை. நோட்டில் எழுதினாள். ‘லைட் எரியுது. அதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். என் குழந்தைக்கு முடியாமப் போற அன்னிக்கு நான் போய்ச் சேரணும். சேர்ந்தா போடறேன்.’

ஷீட்டைத் திருப்பிக் கொண்டுவந்தேன். சார் வாசித்துவிட்டு, “அவா சொல்றது நியாயம்தானே” என்று தன் டிராயரில் வைத்துக்கொண்டார். முடியாத வேலைகளின் பட்டியல் வாராவாரம் சென்னைக்குப் போகும். ஒவ்வொரு வாரமும் அதில் ஒரே ஒரு ஷீட். எங்கள் சென்டர் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு. ஏன் மூடவில்லை என்று போன் வரும். “கஸ்டமர் இன்னும் முடிஞ்சுதுன்னு சொல்லலை” என்பார் சார், அவ்வளவுதான். நீங்களே மூடிவிடுங்கள் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள். “கையெழுத்து என்னுது இல்லையே” என்று வைத்துவிட்டார். அந்த வருஷம் எங்களுக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டுப் பத்திரம் அதனால் வேறு ஊருக்குப் போனது. எனக்கு அது வலித்தது. சாருக்கு வலித்ததாகத் தெரியவில்லை.

நான் மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய் லைட்டைச் சோதித்துவிட்டு வருவேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். போகும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கஷ்டம். அந்த ஷீட்டில் கையெழுத்து விழ வேண்டும் என்றால் குழந்தைக்கு இழுக்க வேண்டும். அப்படி ஒரு கையெழுத்து எனக்கு வேண்டாம், காலம் முழுக்கத் திறந்தே கிடக்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

மார்கழிப் பனி ஆரம்பித்த ஒருநாள், பதினோரு மணி வாக்கில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அமுதா உள்ளே வந்தாள். இடுப்பில் காவ்யா, யூனிஃபார்மோடு. ஏழு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். அமுதாவின் புடவை முந்தானையில் பாவு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது, காலில் செருப்பு இல்லை. குழந்தை மூக்கைச் சுற்றி நெபுலைசர் மாஸ்க் அழுத்திய தடம். ஆனால் நன்றாக மூச்சு விட்டது.

அமுதா குழந்தையைக் கவுன்டர்மேல் உட்கார வைத்துவிட்டு, சாரிடம் கையை நீட்டினாள். டிராயரைத் திறந்து ஷீட்டை எடுத்துக் கொடுத்தார். பேனாவையும் கொடுத்தார்.

காவ்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. “நீங்கதானே எங்கம்மா லைட்டைப் பிச்சுப் போட்டது?” என்றது.

“ஆமாம்மா.”

“ஏன் போட்டீங்க?”

“தெரியாமப் போட்டுட்டேன்மா.”

குழந்தை அம்மாவின் தோளைத் தட்டி, நான் சொன்னதை விரலாலும் முகத்தாலும் சொன்னது. அமுதா எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு, குழந்தையைப் பார்த்து நிதானமாகக் கையால் ஏதோ சொன்னாள்.

“தெரியாம இல்லியாம்,” என்றது காவ்யா. “விசாரிக்காமப் போட்டீங்களாம்.”

கடையில் பத்து பேர் இருந்தார்கள். சார் இருந்தார். ஆமாம் என்று குழந்தையிடம் சொல்ல வந்தேன், அப்புறம் அமுதாவிடமே திரும்பி, அவளுக்குப் புரிகிற மாதிரி தலையை அசைத்தேன். அவள் குனிந்து, தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.